குளியலறையில் ஒரு ஜோடி

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கேயும் எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. போனில் பேசினால் அடுத்த அறையில் படுத்திருக்கும் அப்பா காதில் விழும், அதனால் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன்.

பறவைக் காய்ச்சல் வந்ததென்று நம் வாத்துகள் முந்நூறையும் போன வாரம் அதிகாரிகள் அழித்துவிட்டுப் போனார்கள் என்று சொன்னேன் அல்லவா, அது முழு உண்மை இல்லை. விதைக்கு என்று ஒரு ஜோடியை அப்பா குளியலறையில் ஒளித்துவிட்டார். மேலே ஈரச் சாக்கைப் போர்த்தி, பெட்டை கத்தினால் வெளியே கேட்காதபடி குழாயைத் திறந்து விட்டிருக்கிறார். "ஜோடி இருந்தா மந்தை தன்னால வந்துரும்" என்கிறார். அன்றைக்கு நானும் வந்தவர்களிடம் சொல்லாமல் மறைத்துவிட்டேன். மூன்று நாளாக அவருக்குக் காய்ச்சல். டாக்டரம்மா, வீட்டில் பறவை ஏதும் இருக்கிறதா என்று கேட்டதற்கு "எல்லாம் போயிருச்சும்மா" என்று சொல்லிவிட்டு அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். இன்று மூச்சு வாங்குகிறது. காலையில் சாக்கை விலக்கினால், நோய் கண்ட வாத்துகள் கிடந்ததைப் போலவே பெட்டை கழுத்தைத் திருகிக்கொண்டு கிடக்கிறது. தம்பி விடுதியில் இருப்பது நல்லதாகப் போயிற்று.

அவர் வாயில் வாத்து என்றால் ஒரே அர்த்தமா என்ன? நடை பழகியபோது நீ வாத்து. தம்பி கிரிக்கெட்டில் டக் அவுட் ஆகி முகத்தைத் தொங்கப்போட்டு வந்தால் "வாடா, மந்தையில ஒண்ணு கூடிருச்சு" என்பார். கோபம் வந்தால் நான் வாத்து மடச்சி. அந்த ஜோடியை விட்டுக்கொடுக்க அவருக்கு ஏன் மனசு வரவில்லை என்று எனக்குத் தெரியாதா, ஆனாலும் அவர் கண்ணயர்ந்திருந்தபோது டாக்டரம்மாவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஆஸ்பத்திரி வண்டி கிளம்பிவிட்டதாம், பின்னாலேயே வாத்துகளைப் பிடிக்கவும் ஆள் வருகிறதாம். அவரிடம் இன்னும் சொல்லவில்லை. குழாயை மட்டும் மூடினேன். "தண்ணிச் சத்தத்தக் காணோமே" என்று இரண்டு தரம் கேட்டுவிட்டார்.

நீ அங்கே தனியாக உட்கார்ந்து அழாதே, நேரத்துக்குச் சாப்பிடு, போனைக் கையிலேயே வைத்திரு. அவர் உன்னிடம் என்னைப் பற்றிக் குறை சொன்னால் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொள். நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும். வாசலில் வண்டி வந்துவிட்டது. இனி ஆயுசுக்கும் என்னை வாத்து மடச்சி என்றே அவர் கூப்பிடட்டும், கூப்பிட அவர் இருந்தால் போதும்.

இப்படிக்கு
உன் அம்மா