செம்பு நிறச் சுருள்கள்

ஜூன் 3

அன்புள்ள லிஃப்ட்காரருக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். ஆஸ்பத்திரி விடுதியில் மூன்றாம் மாடியில் அறை. இங்கேயும் ஒரு லிஃப்ட் இருக்கிறது. இரண்டாம் மாடி தாண்டும்போது முனகுகிறது. நீங்கள் கேட்டிருந்தால் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு ரிப்பேர் பார்க்க மேலே ஏறியிருப்பீர்கள். நாளை முதல் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஆறே மாதம்தானே, கண்மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும்.

அவசரத்துக்கு மட்டும்தான் போன், மற்றபடி கடிதம் என்று நான் சொன்னதும் உங்கள் முகம் சுண்டிப்போனதைப் பார்த்தேன். என்ன செய்ய? நீங்கள் போனில் "எல்லாம் நல்லபடியா இருக்கும்மா" என்று ஆரம்பித்தாலே எனக்கு ரத்தம் கொதிக்கிறது. பதவி உயர்வுப் பரீட்சைக்கு நான் வெளியூர் போயிருந்தபோது, அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த மூன்று நாளும் இதையேதான் சொன்னீர்கள். பரீட்சை கெட்டுவிடக் கூடாதாம். நான் வந்தபோது அம்மாவுக்குப் பேச்சு நின்றுபோயிருந்தது. இதை நூறு தடவை பேசிவிட்டோம், நூற்றியோராவது தடவை வேண்டாம். எழுதும்போதாவது பொய் சொல்லக் கை கூசும் அல்லவா?

அம்மாவின் பெரணிச் செடியை உங்களிடம் விட்டுவிட்டு வந்ததுதான் மனசை அரிக்கிறது. அவளிடமிருந்து எனக்கு வந்த உயிருள்ள பொருள் அது ஒன்றுதான். மண் எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும், சொதசொதவென்று அல்ல; விரலை விட்டுப் பாருங்கள். வெயில் நேராகப் படக்கூடாது. மின்விசிறிக் காற்று ஆகாது. குழாய்த் தண்ணீரை ஒருநாள் வாளியில் வைத்துவிட்டு ஊற்றுங்கள். தட்டில் கூழாங்கல் பரப்பித் தண்ணீர் விட்டு அதன் மேல் தொட்டியை வையுங்கள். முக்கியமாக, அதைச் சும்மா விடுங்கள்.

வீட்டுக்காரி

ஜூன் 13

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

நலம். இந்தக் கடிதத்தை ஒன்பது மாடிக் கட்டடத்தின் உச்சியில், மோட்டார் அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். வீட்டில் உட்கார முடியவில்லை. நீ போனதிலிருந்து வீட்டுக்குள் கால் சுட்ட பூனை மாதிரி சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

பெரணியை ஜன்னலோரம் வைத்தேன். வெயில் வந்துவிடுமோ என்று குளியலறைக்கு மாற்றினேன். அங்கே இருட்டாக இருந்தது, சமையலறைக்கு மாற்றினேன். அடுப்புச் சூடு ஆகாதே என்று இப்போது படுக்கையறையில் இருக்கிறது. மண்ணில் விரல் விட்டு விட்டு என் நகமெல்லாம் தோட்டக்காரன் நகமாகிவிட்டது.

ஒரு சந்தேகம். இலைகளுக்கு அடியில் பழுப்பாகப் புள்ளி புள்ளியாக வந்திருக்கிறது. பூச்சியா? பக்கத்து வீட்டு ஆசிரியர் பார்த்துவிட்டு, "இத விட்டீங்கன்னா செடி முழுக்கப் பரவிடும்"னு சொல்கிறார். உடனே பதில் போடு.

நேற்று ஒரு தம்பதி லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டார்கள். "ரெண்டே நிமிஷம் சார்" என்று குரல் கொடுத்துவிட்டு வேலையைத் தொடங்கினேன். நாற்பது நிமிஷம் ஆயிற்று. வெளியே வந்ததும் அந்தம்மா என்னைப் பார்த்த பார்வை உன் பார்வை மாதிரியே இருந்தது.

உன் லிஃப்ட்காரன்

ஜூன் 23

அன்புள்ள லிஃப்ட்காரருக்கு,

உங்கள் கடிதம் நேற்றுதான் கைக்கு வந்தது. அது பூச்சி இல்லை, தொடாதீர்கள்! பெரணி பூக்காது, காய்க்காது. இலையின் அடியில்தான் விதைப்பொடியைச் சேர்த்து வைக்கும். விளிம்போரமாக இரண்டு பக்கமும் சரியான இடைவெளியில் வரிசையாக இருக்குமே, பார்க்கவில்லையா? பூச்சி என்ன அளவுகோல் வைத்துக்கொண்டா உட்காரும்? ஆசிரியரிடம் அவர் பாடத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். தொட்டியை ஒரே இடத்தில் வையுங்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.

எனக்கும் இங்கே இருப்புக்கொள்ளவில்லை. கட்டிலை மூன்று தடவை திருப்பிப் போட்டுவிட்டேன். எந்தப் பக்கம் தலைவைத்தாலும் அது என் அறையாக மாட்டேன் என்கிறது. மதிய இடைவேளையில் நடைபாதையை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் அளக்கிறேன். கூட வேலை செய்கிற பெண், "அக்கா, உங்களுக்குச் சம்பளம் நடக்கவா குடுக்கறாங்க?" என்கிறாள்.

அந்த நாற்பது நிமிடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. உள்ளே இருப்பவர்கள் பயப்படக் கூடாதென்று நீங்கள் சொல்வது உங்கள் தொழில். எனக்குப் புரிகிறது. ஆனால் என்னிடம் அந்தக் குரலில் பேசாதீர்கள். நான் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவள் இல்லை, உங்கள் பெண்டாட்டி.

வீட்டுக்காரி

ஜூலை 4

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

கடிதம் கண்டேன். நீ சொன்னபடியே புள்ளிகளைத் தொடவில்லை. தொட்டி படுக்கையறையிலேயே இருக்கிறது. செடி ஜம்மென்று இருக்கிறது, கவலைப்படாதே. புதிதாக ஐந்தாறு இலைச்சுருள்கூட விட்டிருக்கிறது. செம்பு நிறத்தில் பளபளவென்று என்ன அழகு! காலையில் எழுந்ததும் அதைத்தான் பார்க்கிறேன்.

மழை இல்லை. வேலை நிறைய. நாட்காட்டியில் தேதிகளை அடித்துக்கொண்டு வருகிறேன், முப்பத்திரண்டு நாள் போய்விட்டது. நீ நன்றாகச் சாப்பிடு.

உன் லிஃப்ட்காரன்

ஜூலை 13

அம்மாவின் பெரணி பச்சையாகத்தான் சுருள் விடும். பதினாறு வருடமாகப் பார்க்கிறேன், ஒரு தடவைகூடச் செம்பு நிறத்தில் விட்டதில்லை. அப்படி விடுவது வேறு சாதி.

படுக்கையறையில் இருப்பது யாருடைய செடி?

என் செடி எங்கே? எல்லாம் நல்லபடியாக இருக்கிறது என்று எழுதுவதானால் எழுதவே வேண்டாம்.

ஜூலை 25

அன்புள்ள உனக்கு,

பெரணி செத்துவிட்டது.

முதல் வரியிலேயே எழுதிவிட வேண்டும் என்று எட்டு நாளாக முயன்று, இன்றைக்குத்தான் கை வந்தது. உன் பதில் வரும்வரை என்னால் பொறுக்க முடியவில்லை. ஜூன் பதினெட்டாம் தேதி, புள்ளி இருந்த இலைகளையெல்லாம் கத்தரித்தேன். எல்லா இலையிலும் இருந்தது. முடித்து நிமிர்ந்தபோது தொட்டியில் வெறும் கட்டைதான் மிச்சம். நீ எழுதியது பத்து நாள் கழித்து வந்தது. அதைப் படித்துவிட்டு அரை மணி நேரம் சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் எழுந்து போய், செடிக்கடையில் அதே உயரத்தில் ஒரு பெரணியை வாங்கி வந்து உன் அம்மாவின் தொட்டியில் வைத்தேன். ஆமாம், அந்தத் தொட்டியிலேயேதான். பழைய கட்டையை ஒரு டப்பாவில் வைத்து, முளைக்காதா முளைக்காதா என்று வேளைக்கு ஒரு தடவை தண்ணீர் ஊற்றினேன். அதுவும் அழுகிவிட்டது. போன வாரம் தோண்டிப் பார்த்தேன், வேரெல்லாம் கறுத்து நாறியது.

இதை எழுத வைத்தது யார் தெரியுமா? செவ்வாய்க்கிழமை ஒரு வயதான அம்மா தனியாக லிஃப்டில் மாட்டிக்கொண்டார். வாய்வரைக்கும் "ரெண்டே நிமிஷம்" வந்தது. உன் கடிதம் சட்டைப்பையில் இருந்தது. "அம்மா, குறைஞ்சது முக்கால் மணி நேரம் ஆகும்" என்றேன். எனக்கு வியர்த்துவிட்டது. பிறகு அவர், "அப்படியா? மொதல்லயே சொன்னது நல்லதா போச்சு, நான் உக்காந்துக்கறேன்" என்றார். உட்கார்ந்து கையிலிருந்த வாழைப்பழத்தைத் தின்றாராம். அவ்வளவுதான். யாரும் செத்துவிடவில்லை.

உன் அம்மா விஷயத்திலும் நீ பயந்திருக்க மாட்டாய். பயந்தவன் நான்தான். நீ அழுவதைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. உன் பரீட்சையின் தலையில் பழியைப் போட்டேன். அதற்கு மன்னிப்பு உண்டா என்று கேட்கும் தைரியம்கூட இல்லை.

நான்

ஆகஸ்ட் 5

அன்புள்ள உங்களுக்கு,

கூடத்தின் கழிப்பறையில் கதவைச் சாத்திக்கொண்டு உங்கள் கடிதத்தைப் படித்தேன். அழுதேன், நிறையவே அழுதேன். அம்மா இரண்டாம் தடவை போனது மாதிரி இருந்தது. ஆனால் இந்தத் தடவை எனக்கு உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டீர்கள் என்றும் தோன்றியது. அந்த வித்தியாசம் எவ்வளவு பெரியதென்று உங்களுக்கு எழுதிக் காட்ட எனக்குத் தெரியவில்லை.

அதனால்தான் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஆறு மாதம் என்று நான் சொன்னது பொய். கிளம்புவதற்கு முந்தைய வாரமே மூன்று வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். விடுமுறை வருடத்துக்குப் பதினைந்து நாள். சொன்னால் நீங்கள் தாங்க மாட்டீர்கள், கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். யாருடைய யோசனை இது என்று பாருங்கள். உங்களை நான் எதற்காகத் திட்டினேனோ, அதையே பெட்டிக்குள் மடித்து வைத்துக்கொண்டு வந்திருக்கிறேன். நீங்கள் நாட்காட்டியில் தேதி அடிப்பதாக எழுதினீர்களே, அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

திரும்பி வருவேனா என்று எனக்கே தெரியாது. அதுதான் நிஜம்.

பதினோரு வருடத்தில் நீங்கள் என்மேல் ஒரு தடவைகூடக் கோபப்பட்டதில்லை. அதை அன்பு என்று எல்லோரிடமும் பெருமையடித்திருக்கிறேன். இப்போது சந்தேகமாக இருக்கிறது. தயவுசெய்து இதற்குச் சமாதானமாகப் பதில் எழுதாதீர்கள்.

நான்தான்

ஆகஸ்ட் 12

எனக்குக் கோபம் வருகிறது.

மூன்று வருடம்! என்னைப் பொய்யன் என்று நீ எழுதியபோதும் அந்தக் கையெழுத்து உன்னிடம்தான் இருந்தது. செம்பு நிறம் என்ற ஒரு வார்த்தையில் என்னைப் பிடித்தாயே, உன்னை நான் எதை வைத்துப் பிடிப்பது? பஸ் ஏற்றிவிட வந்தபோது "ஆறு மாசந்தானே"னு என் கன்னத்தைத் தட்டினாயே, அப்போது உனக்கு எப்படி மனசு வந்தது? நாட்காட்டியைக் கிழித்துப் போட்டேன். இன்றைக்கு வேலையில் ஸ்பானரை விட்டெறிந்தேன். மேஸ்திரி, "என்னய்யா, உனக்குக்கூடக் கோபமெல்லாம் வருமா?" என்றார். வரும் என்றேன்.

லீவு சொல்லியாகிவிட்டது. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு உன் விடுதி வாசலில் நிற்பேன். சமாதானம் பேச வரவில்லை. இதையெல்லாம் உன் முகத்துக்கு நேரே கத்த வேண்டும். நீயும் கத்து, மூன்றாம் மாடிவரைக்கும் கேட்கட்டும். கத்தி முடித்தபிறகு இந்த மூன்று வருடத்தை என்ன செய்வதென்று இரண்டு பேரும் உட்கார்ந்து யோசிக்கலாம். நான் வேண்டாமென்றால் அதையும் நேரில் சொல். கேட்டுக்கொள்வேன்.

வெள்ளிக்கிழமைவரை என்னால் பொறுக்க முடியாதுபோல் இருக்கிறது. வியாழக்கிழமையே வந்தாலும் வருவேன்.