மரியாதைக்கு வந்த ஆம்புலன்ஸ்

லீட்ஸ், நவம்பர்

அம்மா, உங்கள் மகன் லாடிப்போ விழுந்து வணங்கி எழுதுகிறேன். நம் ஊர் இபாதானில் எல்லாரும் சுகமா? அப்பாவின் முட்டிவலி தேவலையா?

எனக்கு ஒன்றுமில்லை, ஆம்புலன்ஸ் வந்தது, அவ்வளவுதான். வீட்டுக்காரப் பாட்டியம்மா பிக்கரிங் காலையில் எதிரே வந்தார். பெரியவராயிற்றே என்று நம் ஊர் வழக்கப்படி நெடுஞ்சாண்கிடையாக விழுந்து, "எழுந்திரு" என்று அவர் சொல்லட்டும் என அப்படியே கிடந்தேன்.

"ஐயோ, பையன் சுருண்டு விழுந்துட்டான்!"

"இல்லம்மா, மரியாதைக்கு விழுந்தேன்."

"பாவம், பிதற்ற வேற செய்யுறான். அசையாம படு!"

ஆம்புலன்ஸ் வரும்வரை கம்பளி போர்த்தி, கையைப் பிடித்துக்கொண்டே இருந்தார். இப்போது எல்லாருக்கும் வெறும் "ஹலோ"தான்.

காய்ந்த மிளகாய் அனுப்புங்கள். வகுப்புக்கு நேரமாச்சு. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுங்கள். கதவைத் தாழ்போட்டுவிட்டு, தரையில் விழுந்துதான் போனை எடுப்பேன். போனில் தெரியாதுதான், ஆனாலும் மறக்காமல் "எழுந்திருடா மகனே" என்று சொல்லுங்கள்.

உங்கள் லாடிப்போ