பின்னங்கால் பேசுகிறது

மே 4
வேலை கிடைத்தாயிற்று. கஸ்தூரி எருதின் பின்னங்கால்.

வணிக வளாகத்தின் மேல்தளத்தில் 'தூந்திரா உலகம்'. தெர்மாகோல் பனி, பஞ்சு மேகம், குளிர்விக்க ஓர் இயந்திரம். நான்கு எருதுகள், ஒவ்வொரு தோலுக்குள்ளும் இரண்டு பேர். எங்கள் எருதுக்குத் தலை அத்தான். என்னைச் சேர்த்துவிட்டதும் அவர்தான். அக்கா வாசல்வரை வந்து சொன்னாள்: "ஒரே தோலு, ஒரே வேலை. ஒருத்தன் வாயத் திறந்தா ரெண்டு பேரும் வெளியில. தம்பி, உன்னைத்தான் சொல்றேன்."

பட்டம் வாங்கியவன் குனிந்து, அத்தான் இடுப்பைப் பிடித்தபடி நடக்கிறேன். நாடு முன்னேறுகிறதாம்.

மே 7
பெங்குயின் ஒன்று வந்திருக்கிறது. மலிவாகக் கிடைத்த உடுப்பு.

சும்மா இருக்க முடியவில்லை. தோலுக்குள்ளிருந்தே சொன்னேன்: "சார், தூந்திராவில பெங்குயின் கிடையாது. அது பூமியோட அந்தக் கோடி."

மேலாளர் எருதை ஒரு சுற்று வந்தார். "பின்னங்கால் ஏன் பேசுது?"

"வாயு சார்," என்றார் அத்தான்.

மே 8
சுவரில் புது விதி: பின்னங்கால்கள் பேசக் கூடாது.

மே 11
ஒன்று கண்டுபிடித்தேன். கஸ்தூரி எருதுகள் ஓநாயைக் கண்டால் ஓடுவதில்லை. கன்றுகளை நடுவில் விட்டு, கொம்பு வெளியே பார்க்க வட்டமாக நிற்கும். காட்சியில் ஓநாய் வேடக்காரர் வந்ததும் நாங்களும் அப்படித்தான். தலைகள் வெளியே என்றால் பின்புறங்கள் நடுவே. வாலுக்குக் கீழே காற்றுக்காக ஒரு வலை வைத்திருக்கிறார்கள். அதன் வழியாக நான்கு பின்னங்கால்களும் பேசலாம், தலைகளுக்கே கேட்காது.

"அந்த விதிய எடுக்கச் சொல்லி மனு குடுக்கலாமா தம்பி?" என்றார் இரண்டாம் எருதின் பின்னங்கால், பழைய தையல்காரர்.

"மேலாளர் விசிறிக்கத்தான் ஆகும்ணே."

சங்கம் பிறந்தது. பிறந்த இடத்தை வெளியே சொல்ல வேண்டாம்.

மே 14
இயந்திரம் நின்றுபோனது. நாளைக்குச் சரியாகிவிடுமாம்.

மே 21
சரியாகவில்லை. மேலாளரின் கண்ணாடி அறையில் மட்டும் ஏசி. தேங்கிய தண்ணீரில் கொசு.

"என்னம்மா, பனிப் பிரதேசத்துல கொசு?" என்று ஒரு அம்மா கேட்டார். மைக் பிடிக்கும் பெண் அசரவில்லை. "தூந்திராவில கோடை வந்தா மேல்மண்ணுதான் இளகும். அடியில உறைஞ்சே கிடக்கும், தண்ணி இறங்காது. எங்க பாத்தாலும் சேறு. கொசு மேகமா கிளம்பும்." வால் வழியாக நான் சொல்லிக்கொடுத்தது. இந்த இடத்தில் உரக்கச் சொல்லப்பட்ட முதல் உண்மை, கொசு புண்ணியத்தில்.

அத்தான் தண்ணீர் கேட்டார். "ஜனங்க முன்னாடி எருது பாட்டில்ல குடிச்சா நல்லாவா இருக்கும்?" என்றார் மேலாளர். அத்தான் இடுப்பில் வியர்வை ஊறியிருந்தது என் கைக்குத் தெரிந்தது. அப்பவும் "சரி சார்"னு சொல்றாரு. மனுஷனா இவரு?

மே 22
ஞாயிறு. நல்ல கூட்டம். ஓநாய் ஊளையிட்டது, வட்டம் போட்டோம், ஓநாய் போனது. வட்டம் கலையவில்லை. வால்வழித் தீர்மானம்: தண்ணீரும் குளிரும் வராமல் நகர்வதில்லை. தலைகளிடம் சொல்ல மறந்துவிட்டோம். தலைகள் முன்னே இழுக்க, நாங்கள் பின்னே ஊன்ற, நான்கு எருதுகளும் நீண்டுகொண்டே போயின. பிள்ளைகள் கைதட்டினார்கள்.

"நகருடா."

"மாட்டேன் அத்தான்."

"உங்கக்கா நம்மள வீட்டுக்குள்ள சேர்க்க மாட்டா."

மேலாளர் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்து, கீழ்க்குரலில் சொன்னார்: "நகரலேன்னா இந்த எருது நாளைக்கு வேலைக்கு வர வேண்டாம்."

நான் வாயையா திறந்தேன்? காலைத்தானே ஊன்றினேன் — அக்காவிடம் இதைச் சொன்னால் எடுபடுமா?

அத்தான் கொம்பைத் தாழ்த்தினார். "பின்னங்கால் சொன்னா சொன்னதுதான் சார். நான் வெறும் தலை."

மற்ற மூன்று தலைகளும் தாழ்ந்தன. ஓநாய்கூடத் திரும்பி வந்து எங்கள் பக்கம் உட்கார்ந்துகொண்டது. மேலாளர் சுற்றிப் பார்த்தார். எல்லாரையும் அனுப்பிவிட்டால் மிஞ்சுவது பெங்குயின்.

ஜூன் 2
இயந்திரம் ஓடுகிறது. எருதுகள் பாட்டிலில் தண்ணீர் குடிப்பதைப் படமெடுக்கத் தனிக் கூட்டம். அத்தான் என்னோடு இடம் மாற்றிக்கொண்டார். சங்கம் பின்னால்தானே இருக்கிறது என்கிறார். இப்போது நான் தலை. பின்னால் ஓயாத பேச்சு. ஒரு வார்த்தையும் கேட்டுத் தொலைய மாட்டேன் என்கிறது.

இன்று ஓநாய் வந்ததும் பெங்குயினும் எங்களை நோக்கித் தத்தித் தத்தி ஓடிவந்தது.

தூந்திராவில் பெங்குயின் கிடையாது.

கொஞ்சம் நகர்ந்து வழிவிட்டேன்.