மறுப்பு அறையில் ஒரு மரக்குண்டு

8-12-46, ஞாயிறு

நல்ல பனி. மலை தெரியவில்லை. குளித்துவிட்டுப் படியேறினேன். படிக்கு ஒரு வரி என்று ஏற்பாடு. படிகள் முந்நூற்று அறுபத்தைந்து. எங்கள் ஃப்ரீமேசன் ரகசிய சங்கத்தின் லாட்ஜில் மாஸ்டராக, அதாவது தலைவனாக, வருகிறவன் புத்தகம் பார்க்காமல் ஒப்பிக்க வேண்டிய சடங்கு வரிகள் அதைவிட அதிகம். ஆகவே இறங்கும்போதும் பாடம்.

பூக்காரி பக்கத்துக்காரியிடம்: "ரிட்டயர் ஆனதும் சாருக்கு பக்தி முத்திப்போச்சு பாரு. ஜபம் பண்ணிகினே ஏறுறாரு."

முருகன் மன்னிக்கட்டும்.

28ஆம் தேதி சனிக்கிழமை அரக்கோணம் லாட்ஜில் பதவியேற்பு. ஒரு வருஷம் நான் மாஸ்டர் நாற்காலியில். செய்ய வேண்டியவை:
லாட்ஜில் இடுப்பில் கட்டும் தோல் ஏப்ரனுக்கு நாடா மாற்ற.
கறுப்புக் கோட்டு வெளுக்க.
முதல் சடங்கு முழுக்க மனப்பாடம்.
அடுத்த வருஷ அதிகாரிகள் லிஸ்ட் (நியமிப்பது மாஸ்டர்).
சர்க்கரை கார்டு (இது வீட்டுக்கு).

ஏப்ரனைப் பூஜை அலமாரிக்கு அடியில் வைத்திருந்தேன். மனைவி கமலா தூக்கிக்கொண்டுபோய் மாட்டுக் கொட்டகை ஆணியில் மாட்டிவிட்டாள். "ஆட்டுத்தோல இடுப்புல கட்டிகினு ஆடுறது உங்க இஷ்டம். சாமி கிட்ட வாணாங்க."

11-12-46, புதன்

வெயில். லிஸ்ட் பற்றி யோசனை. யோசிக்க யோசிக்கச் சலிப்பு.

பன்னிரண்டு வருஷமாக இந்த மனிதர்களோடு உட்காருகிறேன். தரையில் கறுப்பு வெள்ளைக் கட்டம், சுவரில் மட்டப்பலகை, எல்லோரும் சமம் என்று வாயார ஒப்பிப்பு. வெளியே வந்ததும் சாப்பாட்டு மேஜையில் எவன் எவனுக்கு மேல் உட்காருவது என்று முறைப்பு. நான் வாத்தியாராக இருந்தபோது நாலாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். பதின்மூன்றாம் வாய்ப்பாட்டை ராகத்தோடு சொல்வான். "பதின்மூணு பேருக்கு ஆளுக்கு ரெண்டு மாம்பழம், மொத்தம் எத்தனை?" என்றால் முழிப்பான். எங்கள் லாட்ஜ் முழுக்க அந்தப் பையன்தான்.

செக்ரட்டரி நாயுடு: கூட்ஸ் ஆபீஸில் ரசீது எழுதி ரிட்டயர் ஆனவர். ஒரு நாற்காலி நகர்ந்தால் அதற்கு அரை மணிப் பேச்சு. அவர் வாயைத் திறந்ததும் நான் மனதுக்குள் என் பாடத்தைச் சொல்லிப் பார்க்கத் தொடங்கிவிடுவேன். அந்த அளவில் அவரால் உபகாரம்.

வக்கீல் ராகவன்: இந்த ஊர்தான், முன்சீப் கோர்ட்டு. இப்போது இரண்டாம் வார்டன். வழக்கப்படி அடுத்த வருஷம் அவர்தான் முதல் வார்டன், அதற்கடுத்து மாஸ்டர். வாய் சும்மா இருக்காது.

இந்தக் கும்பலில் ஒரு நல்ல ஆளாவது சேரட்டும் என்றுதான் பொதட்டூர்பேட்டை சபாபதி முதலியாரைப் பிரேரேபித்திருக்கிறேன். சனிக்கிழமை ஓட்டு. நூல் கண்ட்ரோல் வந்தபோது தன் பங்கு நூலைத் தெருவுக்கே பிரித்துக் கொடுத்தவர். அவர் தெருவில் ஒரு தறி நிற்கவில்லை. இங்கே சமத்துவம் ஒப்பிக்கிறவர்களில் எவன் செய்திருப்பான்?

14-12-46, சனி

இப்போதுதான் வந்தேன். கோபம்.

மா. 5க்கு லாட்ஜ். பதினாலு பேர். பழைய ஓட்டுப்பெட்டியைக் கறையான் தின்றுவிட்டது. தச்சர் செய்த புதுப் பெட்டி வந்திருந்தது. நாயுடு எழுந்து அதைப் பற்றி வழக்கமான நீளத்துக்கு. நான் என் வரிகளில் இருந்தேன்.

கூட்டத்துக்கு முன் வெளியறையில் வக்கீல், எல்லோரும் கேட்க: "தறிக்காரர் இங்க வந்து என்ன சார் பண்ணப் போறாரு? நமக்கெல்லாம் ஏப்ரன் நெய்வாரா?" நாலு பேர் சிரிப்பு.

பெட்டி சுற்றி வந்தது. முன்பக்கம் மூடிய குழல். அதற்குள் கையை விட்டு மரக்குண்டை ஏதாவது ஒரு அறையில் போட வேண்டும். சம்மதம் ஒரு பக்கம், மறுப்பு ஒரு பக்கம். கை எந்தப் பக்கம் போகிறது என்று பக்கத்து ஆளுக்கும் தெரியாது. நானும் போட்டேன். திறந்தார்கள். சம்மதத்தில் பதின்மூன்று. மறுப்பில் ஒன்று.

எங்கள் லாட்ஜ் விதிப்படி ஒன்று போதும். சபாபதி கிடையாது. மறுபடி கேட்க ஒரு வருஷம் ஆகவேண்டும்.

எல்லோர் முகத்தையும் பார்த்தேன். நாயுடு மூக்குப்பொடி எடுத்துக்கொண்டிருந்தார். வக்கீல் என்னைப் பார்க்கவில்லை, கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். திருட்டு முகம் எனக்குத் தெரியும். முப்பது வருஷம் வகுப்பில் பார்த்த முகம்.

வரும் வழியில் ரயிலில் ஒருவருடனும் பேசவில்லை.

15-12-46, ஞாயிறு

படியேறவில்லை. கால் வலி என்று கமலாவிடம் சொன்னேன்.

லிஸ்டை எடுத்தேன். முதல் வார்டன் என்பதற்கு எதிரே எழுதியிருந்த ராகவன் பெயரை அடித்தேன். ஒரு கோடு போதாதென்று இரண்டு கோடு. மூன்று வருஷமாகக் காத்திருக்கிறவர். இருக்கட்டும்.

18-12-46, புதன்

மார்கழி பிறந்துவிட்டது. விடியற்காலை பஜனை கோஷ்டி தெருவில். பத்து மணிக்குச் சபாபதி வந்தார். புது வெள்ளைக் கோட்டு போட்டிருந்தார். லாட்ஜுக்கென்று தைத்ததாம். வீணாக்க வேண்டாமே என்று போட்டுக்கொண்டாராம்.

"கோவிச்சிகினு வரல சார். யாருன்னு மட்டும் சொல்லுங்க."

"சொல்லக்கூடாது சபாபதி. சத்தியம் பண்ணியிருக்கோம்."

"எங்க ஊட்ல ஒரே சிரிப்பு. 'தலவெட்டி பங்களாவுல ஒன் தலையக்கூட வாணாம்னுட்டாங்களா நைனா'ன்னு எம் பொண்ணு கேக்குது." உள்ளே தலை வெட்டுவார்கள் என்று ஊர் லாட்ஜுக்கு வைத்த பெயர் அது. சபாபதி சிரித்தார். கண் சிரிக்கவில்லை. "ஒருத்தருக்கு ஏன் நம்ம மேல இவ்ளோ வெறுப்புன்னு தெரிஞ்சா, போயி கேட்டுட்டு வந்துடுவேன். அவ்ளோதாங்க."

பெயர் சொல்லவில்லை. "சட்டம் படிச்ச கை" என்று மட்டும் சொன்னேன்.

"ஆங்" என்றார். காபி முழுக்கக் குடிக்காமல் போய்விட்டார்.

சத்தியத்தை மீறவில்லை என்று ஒரு நாள் முழுவதும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

22-12-46, ஞாயிறு

ஒத்திகைக்கு அரக்கோணம் போனேன். மேகமூட்டம். ஹாலில் நானும் வாசற்காவலர் மாணிக்கமும் மட்டும். மாணிக்கம் ரயில்வேயில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேனாக இருந்தவர். கூட்டம் நடக்கும்போது கதவுக்கு வெளியே உருவிய கத்தியோடு நிற்கிற உத்தியோகம். இருபது வருஷம் கதவுக்கு வெளிப்பக்கம் நின்றே மொத்தப் பாடமும் அவருக்கு மனப்பாடம். நான் தடுமாறிய இடத்தில் எல்லாம் எடுத்துக் கொடுத்தார். உள்ளே உட்காருகிறவர்களுக்கு அதில் பாதி தெரியாது.

ஓட்டுப்பெட்டியைச் சோதித்துக் காட்டுவது மாஸ்டர் வேலை. அதையும் பழகிவிடலாம் என்று கொண்டுவரச் சொன்னேன்.

"ஒரு சம்மதம் போடறேன், பாரும்" என்று குழலில் கை விட்டுக் குண்டைப் போட்டேன். சம்மதம் என்று எழுதியிருந்த அறையை இழுத்தேன். காலி.

மறுப்பு அறையை இழுத்தேன். உள்ளே குண்டு.

"சார், நீங்க போட்டது பழைய பெட்டி கணக்குங்க" என்றார் மாணிக்கம். "அதுல எடது பக்கம் சம்மதம். இதுல தச்சரு வலது பக்கம் வெச்சிட்டாரு. அன்னிக்கி நாயுடு அதத்தானே அர மணி நேரம் சொல்லிகினு இருந்தாரு. கதவுக்கு வெளிய எனுக்கே கேட்டுச்சே."

மறுபடி போட்டுப் பார்த்தேன். இந்தத் தடவை மெதுவாக. அப்போதும் கை தானாக இடது பக்கம்தான் போயிற்று. பன்னிரண்டு வருஷப் பழக்கம்.

மாணிக்கம் என் முகத்தைப் பார்த்தார். இரண்டு குண்டையும் எடுத்துத் துடைத்துப் பையில் போட்டார்.

23-12-46, திங்கள்

குளிர். எழுத ஒன்றும் இல்லை.

பிறகு: பிரேரேபித்தவனே மறுத்தவன். வாத்தியார் கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டு வகுப்பு முழுவதையும் பெஞ்சு மேல் ஏற்றினது போல.

யாரும் என்னைச் சந்தேகிக்க மாட்டார்கள். எப்படி ஓட்டுப் போட்டோம் என்று வெளியே சொல்லக்கூடாது என்பதும் விதி. விதி எவ்வளவு வசதியாக இருக்கிறது!

24-12-46, செவ்வாய்

ராகவன் பெயரை லிஸ்டில் திரும்ப எழுதினேன். அடித்த இரண்டு கோடும் தெரிகிறது. வேறு தாள் எடுத்து முழுக்கப் படி எடுத்தேன்.

26-12-46, வியாழன்

பெட்ரோலுக்குப் பதில் கரி வாயுவில் ஓடும் கரி பஸ்ஸில் பொதட்டூர்பேட்டை. வழியில் இரண்டு இடத்தில் நின்று அடுப்பு ஊதினார்கள். கண்டக்டர்: "எறங்கித் தள்ளறவங்களுக்கு புண்ணியம், ஒக்காந்துகினு இருக்கிறவங்களுக்கு டிக்கெட்டு!" நானும் தள்ளினேன்.

சபாபதி வீட்டுக் கூடத்தில் நாலு தறி. ஒன்று வெறுமையாக. உட்காரச் சொல்லும் முன்பே சொல்லிவிட்டேன். பழைய பெட்டி, புதுப் பெட்டி, இடது, வலது, எல்லாம்.

முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரித்தார். இருமல் வரும்வரை சிரித்தார். "நீங்களே கூட்டிகினு போயி, நீங்களே கதவ சாத்திட்டீங்களா சார்!" பெண்ணைக் கூப்பிட்டு அவளிடமும் சொன்னார். அவளும் சிரித்தாள். எனக்கு லேசாக இருந்தது.

பிறகு அந்த வெறும் தறியைப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

"அதுல வக்கீல் ஊட்டு வேட்டி ஓடிகினு இருந்துச்சிங்க. தை மாசம் அவரு பொண்ணுக்கு கல்யாணம். சம்பந்தி ஊட்டாருக்கு வெச்சிக் குடுக்க. நீங்க சொன்ன அன்னிக்கே தறியிலேர்ந்து பாவு நூல எறக்கிட்டேன். முடியாதுன்னு ஆள் அனுப்பிட்டேன். ஏன்னு அவருக்குத் தெரியாது."

நான் கீழே கிடந்த ஒரு நூல் துண்டைப் பொறுக்கினேன்.

"பாவு மறுபடி ஏத்திடலாம், அது ஒண்ணும் இல்ல. நீங்க போயி அவருகிட்ட சொல்லுங்க சார். சொல்லிட்டேன்னு ஒரு காயிதம் போடுங்க. அப்புறம் ஏத்துறேன்."

என்மேல் நம்பிக்கை இல்லையா என்று கேட்க வாய் வரை வந்தது. சரி என்று எழுந்தேன்.

27-12-46, வெள்ளி

வக்கீல் வீட்டு வாசல் வரை இரண்டு தடவை. ஒரு தடவை கட்சிக்காரர்கள். இன்னொரு தடவை யாரும் இல்லை. திரும்பி வந்தேன்.

கோட்டு வெளுத்து வந்தது. பாடம் ஒரு வரி தப்பவில்லை.

28-12-46, சனி

பென்சிலில். லாட்ஜ் வெளியறை. மா. 4-40.

ரயிலில் வக்கீலும் நானும் எதிரெதிரே. தூறல். அவரே ஆரம்பித்தார்: "சார், சபாபதி உங்களுக்கு ரொம்பப் பழக்கம்தானே? திடீர்னு வேட்டி முடியாதுங்கிறாரு. கல்யாணத்துக்கு இருபது நாள்கூட இல்ல. கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்களேன்."

சொன்னேன். முழுக்க. அடித்த பெயரையும்.

ஜன்னல் கதவை இறக்கினார்.

"கிண்டல் பண்ணேன், வாஸ்தவம். வாய் கொழுப்பு. ஆனா குண்ட வலது பக்கம்தான் போட்டேன் சார். நாயுடு சொன்னத நான் கேட்டுகினு இருந்தேன்."

"உம்ம பேரைத் திரும்ப எழுதிட்டேன்" என்றேன்.

"எடுத்துடுங்க. உங்க கையால அந்தப் பதவி வாங்கிக்க எனக்கு இஷ்டம் இல்ல."

அரக்கோணத்தில் எனக்கு முன்னால் இறங்கி நடந்துவிட்டார். ஸ்டேஷன் தபால் பெட்டியில் சபாபதிக்குக் கார்டு போட்டேன். சொல்லியாயிற்று என்று ஒரே வரி.

உள்ளே நாற்காலி இழுக்கும் சத்தம். நாயுடு ஏதோ பேசிக்கொண்டிருக்கிறார். என்னவென்று காது கொடுத்துக் கேட்கிறேன்: மழையில் செருப்பை எங்கே விடுவது என்று. ஒவ்வொரு சொல்லாகக் கேட்கிறேன்.

ராகவன் சொன்னபடி பெயரை அழித்துவிட்டேன்; லிஸ்டில் முதல் வார்டன் எதிரே காலி. மாணிக்கம் கத்தியை எடுத்துக்கொண்டு வந்து, "சார், கூப்புடறாங்க" என்கிறார்.