அப்பா வெட்டிய ஹேசல்

கிரேசுன் மலைப்பக்கம்
நவம்பர் 19

அன்பு மகள் நெர்மினுக்கு அம்மா எழுதுவது. உடம்பளவில் இங்கே எல்லாரும் சுகம், அந்த ஜெர்மனிக் குளிரில் நீயும் சுகமாயிருக்க வேண்டும். உன் கடிதத்துக்குப் பதில் தாமதமாகிவிட்டது. போனில் சொல்லலாமென்றால் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்.

நீ போனதிலிருந்து இரண்டு வருஷமாக யாரும் தொடாமல் பின்பக்கத்து ஹேசல் கொட்டைப் புதர் காடாக மண்டிவிட்டது, ஒரே தூரில் முப்பது தண்டு, பனி விழுந்தால் கூரை ஓட்டின் மேல் சாய்ந்துவிடும். போன ஞாயிறு மதியம் நல்ல வெயிலில் அப்பா ரம்பத்தோடு இறங்கினார். சூப்பை இறக்கி வைத்துவிட்டுப் போய்ப் பார்க்கிறேன், வழவழவென்று நின்ற இளந்தண்டெல்லாம் தரையில் கிடக்கிறது, பாசி பிடித்து உளுத்த கிழத்தண்டெல்லாம் அப்படியே நிற்கிறது. கிழத்தை அடியோடு எடுத்து இளசில் ஐந்தாறு விடணும் என்று உனக்குப் பத்து வயதில் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். ரெஜெப் சித்தப்பா வேலியோரம் நின்று, என்னண்ணே, பிஞ்சையெல்லாம் அறுத்துப்போட்டுட்டுக் கெழடுகளுக்குக் காவல் நிக்கிறீங்க, ஒங்க கூட்டாளிங்களா என்று கேட்டார். அப்பாவும் சிரித்தார். ஆனால் கீழே கிடந்ததைக் கையால் தடவித் தடவித்தான் பார்த்தார், நெர்மின்.

தினம் காலையில் பதினோரு பிள்ளைகளை மினிபஸ்ஸில் ஏற்றி மலை வளைவு வழியாகப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகிறவர். சாயங்காலம் கேட்டதற்கு, ரெண்டு மாசமா கண்ணுல கொஞ்சம் பொகை மாதிரி, அவ்ளோதான், ரோடு என் காலுக்கே தெரியும், பொண்ணுக்கு எழுதிடாத, வேலையை விட்டுட்டு ஓடியாந்துடுவா என்றார். திங்களன்று நானும் ஏறிக்கொண்டேன். பாலத்து வளைவில் எதிரே லாரி, அது ஹாரன் அடித்த பிறகுதான் இவர் பிரேக் போட்டார். பின்னால் பிள்ளைகள் பாடிக்கொண்டிருந்தார்கள். உன்னைப் பெற்றபோது உன் வயதுகூட எனக்கில்லை, அன்றைக்குக்கூட இப்படிப் பயந்ததில்லை. நான் கல்லூரியில் உயிரியல் படித்தவள், கண்புரையாக இருக்கலாம் என்று சொல்லத் தெரிகிறது, சரியாகிவிடும் என்று சொல்ல வாய் வரவில்லை.

செவ்வாயிலிருந்து சித்தப்பா தன் வண்டியில் பிள்ளைகளைக் கொண்டுபோகிறார், அப்பா என்னோடு பேசுவதில்லை. வியாழக்கிழமை டவுனில் கண் டாக்டரிடம் நாள் வாங்கியிருக்கிறேன், தூக்கிக்கொண்டாவது போவேன். ஹேசலுக்குக் கவலையில்லை, வசந்தத்தில் தூரிலிருந்து மறுபடி துளிர்க்கும்.

நீ வேளைக்குச் சாப்பிடு, கம்பளிக் காலுறை இல்லாமல் இரவு வேலைக்குப் போகாதே. அல்லாஹ் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும்.

உறைக்குள் கனமாக ஒன்று தட்டுப்படும், அது மினிபஸ் சாவி, வேறு சாவி கிடையாது. மாவுப் பானைக்குள் ஒளித்தேன், தடவியே எடுத்துவிட்டார், மறுபடி பிடுங்கினேன். டாக்டர் சரியென்று எழுதிக்கொடுத்தால் நானே கேட்பேன். அதுவரை அவர் எப்படிக் கெஞ்சினாலும் அனுப்பாதே.

உன் அம்மா
செர்பில்