கயிற்றுக்குள் ஓர் அறை

பெரியப்பா,

நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். என்னைப் பற்றி நல்ல எண்ணம் வராத இடங்களையும் விடப்போவதில்லை.

எங்கள் வீட்டுக்கு முன்னாலுள்ள விளக்குக் கம்பத்தில் கவுன்சிலின் அறிவித்தல் மறுபடியும் தொங்குகிறது. மழை படாமல் அதே மாதிரி பிளாஸ்டிக் உறை. பள்ளிக்கூடத்தால் வரும்போது தூரத்தில் கண்டதும், உங்களுடையதுதான் திரும்பி வந்துவிட்டதென்று ஒரு கணம் நினைத்து ஓடினேன். கிட்டப் போய் வாசித்தால் பக்கத்து வீட்டு இலக்கம். ஒரு குடும்பத்துக்கான வீட்டைப் பின்பக்கம் நீட்டிக் கட்டி, நான்கு குடும்பங்கள் இருக்கக்கூடிய பிளாட்டுகளாக மாற்றுவதற்கு அனுமதி கேட்கிறார்களாம். நீங்கள் கேட்டதும் அதுதான். சொற்கள்கூட மாறவில்லை.

வாசித்து முடித்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. பை திடீரென்று பாரமாகிவிட்டதுபோல அந்தக் கம்பத்தடியிலேயே நின்றேன்.

மூன்று அறையுள்ள வீட்டில் இரண்டு குடும்பங்கள் என்பதை நாங்கள் யாரும் குறையாகச் சொன்னதில்லை. முன்னறையில் நீங்களும் பெரியம்மாவும், சின்ன அறையில் அண்ணாமார் இருவரும், மற்றதில் அப்பா, அம்மா, தங்கச்சி, நான். நான் படிக்கட்டில் இருந்து வாசிப்பேன். ஏறுகிறவர்களுக்கும் இறங்குகிறவர்களுக்கும் காலை ஒதுக்கி ஒதுக்கி, ஒரு பக்கத்தையே திரும்பத் திரும்ப வாசிப்பேன். அதை நீங்கள் ஒருவர்தான் கவனித்தீர்கள்.

அந்தக் கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைப் பின்வளவுக்குக் கூப்பிட்டீர்கள். செம்மஞ்சள் நைலோன் கயிற்றால் வேலியோரப் புல்லில் ஒரு சதுரம் கட்டியிருந்தீர்கள். நான்கு மூலைக்கும் நான்கு செங்கற்கள்.

“இதுதான் உன்ர அறை. படுத்துப் பார். கால் இடிக்குதோ?”

“இல்லை பெரியப்பா.”

“கையை விரி. புத்தக அலுமாரிக்கு இடம் காணுமோ?”

“காணும்.”

“கதவை எந்தப் பக்கம் விடுவம்?”

பெரியம்மா குசினி ஜன்னலால் தலையை நீட்டினா. “புல்லிலை படுக்கவிட்டு அந்தப் பிள்ளைக்குத் தடிமன் வரப்போகுது. வீடே வரேல்லை, கதவுக்கு என்ன அவசரம்?”

“கதவில்லாமல் உள்ள போறதெப்படி?” என்று கேட்டுவிட்டு, கயிற்றில் ஓர் இடைவெளி விட்டீர்கள். அதற்குப் பிறகு கயிற்றைத் தாண்டி உள்ளே போக என்னை விடவில்லை. கதவால்தான் போகவேண்டும். அந்தக் கோடை முழுவதும் நான் அந்தக் கதவால் போய், அந்த அறைக்குள் படுத்து வாசித்தேன்.

அந்த அறை ஏன் வரவில்லை என்பது உங்களுக்கும் பெரியம்மாவுக்கும்தான் முழுதாகத் தெரியும். எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

“நாலு பேருக்கு முறையாச் சொல்லிப்போட்டுத்தான் ஒரு காரியம் தொடங்க வேணும்” என்றீர்கள். கவுன்சிலுக்குப் பிளானைக் கொடுத்த அன்றே, கலியாணத்துக்குச் சொல்லுகிறதுபோல வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு, ஐஸ்கிரீம் பெட்டிகளில் பயத்தம் பணியாரத்துடன் வீடு வீடாகப் போனீர்கள். பிளானைச் சுருட்டி நான் தூக்கி வந்தேன். எதிர்வீட்டு வெள்ளைக்காரத் தாத்தா, யாருக்குக் கலியாணம் என்று என்னைக் கேட்டார். வீட்டுக்கு என்றேன். நல்ல மாப்பிள்ளையா என்றார். நீங்கள் றோட்டுக்கு வரும்வரை சிரித்தீர்கள்.

பக்கத்து வீட்டுக்கு மட்டும் நாங்கள் போகவில்லை. அந்த வீட்டு மாமாவின் அம்மா அந்தக் கிழமைதான் காலமாகியிருந்தா. “செத்த வீட்டுத் துடக்குக்குள்ள ஆரும் பலகாரத்தோட போவினமோ? முப்பத்தொண்டாம் நாள் முடியட்டும்” என்றீர்கள். அதற்குள் கவுன்சிலின் கடிதம் அவர் வீட்டுக் கதவுத் துவாரத்தால் விழுந்துவிட்டது.

அவர் கோயிலில் சொன்னது எங்கள் காதுக்கும் வந்தது. “றோட்டுக்கெல்லாம் பலகாரம் குடுத்தவர். ஒட்டின வளவிலை இருக்கிற எனக்குக் கவுன்சில்காரன் சொல்லித்தான் தெரியவேணுமோ?” வெளிச்சம் மறையும், கார் நிறுத்த இடம் இருக்காது என்று நீளமாக எதிர்ப்பு எழுதினார். அவருடைய கடிதத்தால்தான் கவுன்சில் மறுத்ததோ, எனக்குத் தெரியாது. பெரியம்மா அப்படித்தான் நம்புகிறா.

“போய்ச் சொல்லுங்கோவன், துடக்கெண்டுதான் வரேல்லை எண்டு” என்று அவ எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தா.

“இனிச் சொன்னால் கெஞ்சுற மாதிரி இருக்கும்” என்றீர்கள். கயிற்றைச் சுருட்டிப் பின்வளவுக் கொட்டிலில் ஆணியில் கொழுவினீர்கள்.

ஆனால் அவர் மகள் கீர்த்தனாவுக்கு வேலிக்கு மேலால் தோடம்பழம் கொடுப்பதை நீங்கள் நிறுத்தவில்லை. பிள்ளையோட என்ன கோவம் என்றீர்கள். அவள் என் வகுப்புத்தான். கடைசியாக எந்தப் புத்தகத்தை வாசித்து முடித்தாள் என்று கேட்டால் அவளுக்கே ஞாபகம் வராது. நீங்கள் கொடுத்த தோடம்பழத்தை உரித்துக்கொண்டு வேலிக்கு அந்தப் பக்கம் நிற்பாள். நான் அப்போதே எரிச்சல்பட்டிருக்கிறேன், பெரியப்பா. உங்களிடம் சொல்லவில்லை.

இப்போது நீங்கள் இல்லை. நீங்கள் போய் எட்டாம் நாள், எட்டுச் செலவு முடிந்த கையோடு அந்த அறிவித்தல் தொங்கியது. “எங்களுக்குச் சொல்ல வரமாட்டார். இப்ப எங்கடையும் துடக்கு வீடுதானே” என்று அப்பா சொன்னார்.

ஆனால் அவர் வந்தார். மறுநாள் பின்னேரம், கையில் பலகாரம் இல்லாமல், பிளானுடன், கீர்த்தனாவையும் கூட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றார்.

“துடக்கு முடியட்டும் எண்டுதான் முதல் நினைச்சனான், அக்கா. பிறகு பாத்தால், கவுன்சில் கடுதாசி எனக்கு முந்தி உங்களிட்டை வந்திடும்.”

பெரியம்மா அவரை நன்றாகப் பார்த்தா. “அவரும் அப்பிடித்தான் நினைச்சவர், தம்பி.”

“ஆர்?”

“என்ர மனுசன். உங்கட அம்மாவின்ர முப்பத்தொண்டு முடிஞ்ச அடுத்த நாள் உங்களுக்குச் சொல்ல வாறதெண்டு இருந்தவர். உங்களுக்கெண்டு தனியாப் பணியாரம் சுடச் சொன்னவர். நான் சுட்டும் வச்சனான்.”

அவர் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றுவிட்டார். ஒன்றைக் கழற்றியும் மற்றது காலிலும்.

“அதை ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லையே, அக்கா.”

“நீங்களும் கேக்கேல்லையே.” பிறகு, “தேத்தண்ணி போடுறன். துடக்கு வீட்டிலை குடிப்பியளோ?” என்றா.

“தாங்கோ, குடிக்கிறன்.” அவர் குடித்தார். கோப்பையைக் கீழே வைக்காமல் முழுவதையும் குடித்தார்.

இதையெல்லாம் பார்த்து என் மனம் இளகியிருக்க வேண்டும். இளகவில்லை. ஏனென்றால் அந்த நேரம் கீர்த்தனா மேசையில் பிளானை விரித்து, ஒரு கட்டத்தில் விரலை வைத்து, “இது என்ட ரூம். ரூஃப்ல விண்டோ வருது. நீ வந்து படிக்கலாம்” என்றாள். நல்ல மனத்தோடுதான் சொன்னாள். அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை. இன்னொருத்தியின் அறைக்கு நான் கேட்டுப் போகவேண்டுமா?

அடுத்த நாள் நூலகத்துக் கம்ப்யூட்டரில் எதிர்ப்பு எழுதத் தொடங்கினேன். வெளிச்சம், கார், எங்கள் வளவை மேலிருந்து பார்க்கும் ஜன்னல். எந்தெந்தக் காரணங்களைக் கணக்கில் எடுப்பார்கள் என்று கவுன்சிலின் இணையப் பக்கத்தில் போட்டிருந்தது. பொறாமை அதில் இல்லை.

வெளிச்சத்தைப் பற்றிப் பொய் எழுத விருப்பமில்லாததால், அவர் விட்டுப்போன பிளானை வைத்துக்கொண்டு பின்வளவில் நின்று பார்த்தேன். அவர்களுடைய சுவர் எங்கள் குசினி ஜன்னலுக்கு வெகு முன்னதாகவே நின்றுவிடுகிறது. நிழல் விழப்போவது வேலியோரப் புல்லில் ஒரு துண்டுக்கு மட்டும்தான். எந்தத் துண்டு என்று உங்களுக்குத் தெரியும்.

பெரியம்மா பின்கதவில் வந்து நின்றா. “என்ன அளக்கிறாய்?”

சொன்னேன்.

“குசினிக்கு வெளிச்சம் மறைக்குதோ?”

“இல்லை. புல்லுக்கு மட்டும்.”

“அப்ப புல்லு எழுதட்டும்” என்றுவிட்டு உள்ளே போய்விட்டா.

இன்றைக்கு இங்கே நூலகத்தில் அந்த எதிர்ப்பை அழித்துவிட்டேன். அந்த மாமா தேத்தண்ணி குடித்ததற்காக அல்ல. நீங்கள் கேட்டது பிழையில்லை என்றால், அவர் கேட்பதும் பிழையாக முடியாது. நான் எதிர்த்து எழுதினால், உங்களையும் சேர்த்து எதிர்த்ததாகிவிடும். ஆனால் பொறாமை அழியவில்லை. அந்தச் சுவர் எழும்பும்போது இன்னும் கூடுமென்றே நினைக்கிறேன்.

மத்தியானம் கீர்த்தனா சாப்பாட்டு வரிசையில் என்னைக் கேட்டாள். “அப்பா ரூம் சைஸ் சொன்னவர். நம்பர்ல எனக்கு விளங்கேல்லை. பெரிசா சின்னனா எண்டு எப்பிடித் தெரியும்?”

எனக்குத் தெரியும். நான்கு செங்கல், ஒரு கயிறு, கதவுக்கு ஓர் இடைவெளி. உள்ளே போய்ப் படுத்து, கையை விரித்துப் பார்க்கவேண்டும். இவ்வளவு சுலபம்.

“கட்டினாப் பிறகு தெரியும்” என்றேன்.

கயிற்றைக் கொட்டிலிலிருந்து எடுத்து என் பள்ளிக்கூடப் பைக்குள் வைத்திருக்கிறேன், பெரியப்பா. இன்னும் புல் மணம் இருக்கிறது. அவர்களுக்கு அனுமதி கிடைக்கட்டும், ஜன்னலும் வரட்டும். இதை மட்டும் நான் யாருக்கும் கொடுக்கப்போவதில்லை.

நூலகத்தைப் பூட்டப்போகிறார்களாம். நான் இருக்கும் மேசைக்கு மேலே மட்டும் விட்டுவைத்திருந்த விளக்குகளையும் இப்போது அணைத்துவிட்டார்கள்.