பூவிழியின் பெயரில் என் கை

மார்ச் 4, 2024, திங்கள்

இன்று பதினேழு எக்ஸ்ரே எடுத்தேன். பாதிக்கு மேல் முழங்கால். பெரம்பலூர் வந்த ஆறு வருடத்தில் இந்த ஊர் முழங்கால்களை எல்லாம் பார்த்துவிட்டேன் போலிருக்கிறது.

மார்ச் 6, புதன்

நெடுஞ்சாலை ஓட்டலின் மேனேஜர் அரங்கநாதன் ஒரு பெண்ணை அழைத்துவந்தார். லைசென்ஸ் வாங்கிய பார் உள்ள ஓட்டல். பெண்ணின் பெயர் பூவிழி, ஜெயங்கொண்டம் பக்கம். கையில் அடியும் இல்லை, வீக்கமும் இல்லை. “வயசு சர்டிபிகேட்டுக்குங்க” என்றார்.

மணிக்கட்டை வைக்கச் சொன்னேன். நகங்களில் புதுச் சாயம்.

“என்னம்மா வேலை?”

“டேபிள்ல கிளாஸ் வைக்கணும்க்கா. வர்றவங்க பக்கத்துல உக்காந்து சிரிச்சுப் பேசணும்.”

அரங்கநாதன் கதவை விட்டு நகரவே இல்லை.

படத்தில் எலும்பின் நுனி இன்னும் ஒட்டவில்லை. வளரும் பிள்ளைகளுக்கு இருப்பதுபோல் இடையில் கறுப்புக் கோடு. வயது பதினைந்துக்கு மேல் இருக்காது.

மார்ச் 7, வியாழன்

எங்கள் ஸ்கேன் சென்டர் முதலாளி, டாக்டர் முத்துசாமி, அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தார்.

“இத அழிச்சிடு லீலா. உன் கையை வச்சு ஒண்ணு எடு. பேரு மட்டும் அவ பேரு போடு.”

“சார், பதினெட்டு ஆகாத புள்ளைய பார்ல வைக்கிறது குத்தம் சார்.”

“அதனாலதான் சொல்றேன்.”

எடுத்தேன். முப்பத்து நான்கு வயதுக் கை. ‘பூவிழி, பெண், 19’ என்று நானே தட்டினேன். பழைய படத்தை மட்டும் அழிக்கவில்லை. ஏன்? தெரியவில்லை. ஏன் எடுத்தேன் என்பது தெரியும். வேலை போய்விடும் என்ற பயம்.

மார்ச் 12, செவ்வாய்

ஓட்டலில் போலீஸ் சோதனை நடந்ததாம். டீக்கடையில் பேச்சு. பூவிழியை நிறுத்தி விசாரித்திருக்கிறார்கள். அரங்கநாதன் எக்ஸ்ரேயையும் டாக்டர் கையெழுத்தையும் நீட்டினாராம். திரும்பிப் போய்விட்டார்களாம்.

என் கையைப் பாத்துட்டுத்தானே அவள விட்டுட்டுப் போயிருக்காங்க. என்ன பண்ணிட்டேன் நான்.

மார்ச் 15

எழுதப் பிடிக்கவில்லை.

மார்ச் 20, புதன்

அரங்கநாதன் மறுபடி வந்தார். இந்தத் தடவை இரண்டு பெண்கள். சின்னவள் சுவாதி காலில் பள்ளிக்கூட ஷூ.

“அதே மாதிரி எடுத்துக் குடுத்துடுங்க மேடம்.”

பூவிழி எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன்.

“அவளுக்கென்ன. வர்றவங்க எல்லாம் அவளைத்தான் கேக்குறாங்க.”

மிஷின் ரிப்பேர் என்று பொய் சொன்னேன். நாளை வருகிறார்களாம்.

மார்ச் 21, வியாழன்

விடிந்ததும் குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போன் செய்தேன். பிறகு இரண்டு படங்களையும் எடுத்துக்கொண்டு குழந்தைகள் நலக் குழுவுக்குப் போனேன். அங்கே சுந்தராம்பாள் என்ற அம்மா அவற்றை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“இது யாரு கை?”

“என்னுதுங்க.”

“எழுதிக் குடுப்பீங்களா? உங்க மேலயும் கேஸ் வரும்.”

எழுதிக் கொடுத்தேன்.

மார்ச் 23, சனி

ஓட்டலிலிருந்து சுவாதியையும் இன்னொரு பெண்ணையும் மீட்டுவிட்டார்கள். பூவிழி அங்கே இல்லை. வேலையை விட்டு நின்றுவிட்டாளாம், எங்கே போனாள் என்று யாருக்கும் தெரியாதாம்.

நான் போன் செய்து ரெண்டு நாள்தானே ஆகுது. அதுக்குள்ள ஓட்டல்காரங்களுக்கு யாரு சொல்லியிருப்பா?

மார்ச் 26

வேலைக்கு வர வேண்டாம் என்று டாக்டர் சொல்லியனுப்பினார். என் வீட்டுக்கு எதிர்ப்பக்கம் நேற்றிலிருந்து ஒரு பைக் நிற்கிறது. அதில் இருப்பவன் ஹெல்மெட்டைக் கழற்றுவதில்லை.

ஏப்ரல் 11, வியாழன்

பூவிழி கிடைத்துவிட்டாள். வேறொரு ஊரில், ஒரு பாரின் மாடி அறையில். சுந்தராம்பாள் போனில் சொன்னார்.

“எப்படி இருக்கா?”

“உயிரோட இருக்காம்மா” என்றார்.

செப்டம்பர் 9, திங்கள்

கோர்ட்டிலிருந்து சம்மன். அரங்கநாதன், முத்துசாமி, மூன்றாவதாக என் பெயர்.

பூவிழி அரசு குழந்தைகள் இல்லத்தில் தங்கிப் பத்தாம் வகுப்புப் படிக்கிறாளாம். ஒரே ஒரு தடவை பார்க்கலாமா என்று சுந்தராம்பாளிடம் கேட்டேன்.

“கேஸ்ல குத்தம் சாட்டப்பட்டவங்க அந்தப் புள்ளைய பாக்கக் கூடாதும்மா. சட்டம்.”

சரிதான் என்று சொல்லிவிட்டு வந்தேன்.